எந்த நிறம் என்பது இரண்டாவது கேள்வி

குடும்பப் படம் எடுக்க நாள் குறித்துவிட்டுப் பேசுகிறவர்கள் போட்டோகிராபரிடம் முதலில் கேட்பது, "என்ன கலர்ல டிரஸ் போட்டுக்கிட்டு வரட்டும்?" என்பதுதான். அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி எடுக்கும் படமோ, நிச்சயதார்த்தம் முடிந்த இருவர் கடற்கரையில் எடுத்துக்கொள்ளும் படமோ, குழந்தையின் முதல் பிறந்தநாளோ, கேள்வி மாறுவதில்லை. தொழிலில் இருப்பவர்களும் பெரும்பாலும் ஒரு நிறத்தின் பெயரையே பதிலாகச் சொல்கிறார்கள்: எல்லோரும் நீலத்தில் வாருங்கள், பெண்கள் மெரூன், ஆண்கள் சந்தன நிறம் என்று. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு குடும்பம் ஜவுளிக் கடைக்குப் போகிறது, சில ஆயிரங்கள் செலவழிக்கிறது, படம் கைக்கு வந்ததும் "துணியெல்லாம் நல்லா வந்திருக்கு, முகந்தான் என்னமோ மாதிரி இருக்கு" என்கிறது. இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் ஒன்றை மட்டும் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: படத்துக்கான உடையில் எந்த நிறம் என்பது இரண்டாவது கேள்வி. அந்தத் துணி எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது, உடுத்துபவரின் முகம் எவ்வளவு திருப்பித் தருகிறது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதே முதல் கேள்வி. ஒரு குடும்பத்துக்கு அதைப் பொதுவாகத் தீர்த்துவிட்டால், நிறத்தை அவரவர் ஆசைக்கு விட்டுவிடலாம்.

காரணம் கேமராவின் கணக்கில் இருக்கிறது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி, தன் முன்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது; விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது தொழிலில் வழங்கும் அளவு. வெளுத்து நீலம் போட்ட வேட்டி 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நம் ஊரின் மாநிறத் தோல் அந்த நடுச் சாம்பலுக்குப் பக்கத்தில் நிற்கும். கறுத்த தோல் அதற்கும் கீழே இறங்கும். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால், வெளிச்சம் அதிகம் என்று கணக்கிட்டு ஒளிமானி அதைக் குறைக்கிறது. வேட்டி அழுக்குச் சாம்பலாகிறது, முகம் இருண்டுபோகிறது. போட்டோகிராபர் அதைப் பார்த்துவிட்டு முகத்துக்கு வேண்டிய அளவு எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்ளே விடும் வெளிச்சத்தை, கூட்டினால் முகம் தெளியும். ஆனால் வேட்டியின் மடிப்பும் சட்டையின் பொத்தானும் காணாமல்போய் அந்த இடம் வெறும் தாளாக வெளுத்துவிடும். பக்கத்தில் மனைவி அடர்பச்சைப் பட்டில் நின்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அவர் புடவையின் மடிப்பு தெரிகிற எக்ஸ்போஷரில் இவர் சட்டை எரிந்துவிடும். இவர் சட்டைக்கு வைத்த எக்ஸ்போஷரில் அவர் புடவை ஒரு கறுப்புத் திட்டாகும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு என்பது எங்கள் கணக்கு. நடுச் சாம்பலுக்கும் வெள்ளைத் துணிக்கும் இடையே இரண்டு ஸ்டாப்புக்கு மேல் தூரம். வேட்டி வெயிலிலும் முகம் மர நிழலிலும் இருந்தால் அந்தத் தூரம் பல மடங்காக விரிகிறது. இன்றைய சென்சார்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். அச்சிட்ட காகிதமும் போன் திரையும் அவ்வளவையும் காட்டாது.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு முறையும் தோற்பது கறுத்த முகம். எனக்கு இதில் இருக்கும் அக்கறை முழுவதும் அதனால்தான். வெள்ளைச் சட்டைக்கு மேலே இருண்டுபோன முகத்தை எடிட்டிங்கில் தூக்குகிறார்கள். தூக்கும்போது தோலின் நிறமும் சேர்ந்து வெளுக்கிறது. பல இடங்களில் அது யாரும் கேட்காமலே செய்கிற வேலையாகிவிட்டது. வீட்டில் தினமும் பார்க்கும் அப்பா, படத்தில் சாம்பல் பூத்த கன்னத்தோடு வேறு யாராகவோ இருக்கிறார். வண்ணப் படச்சுருளும் இந்தக் குறையோடு வளர்ந்ததுதான். கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய அளவுப் படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். சாக்லேட் விளம்பரத்திலும் மரச்சாமான் விளம்பரத்திலும் பழுப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியவில்லை என்று அந்தத் தொழில்களைச் சேர்ந்தவர்கள் முறையிட்டது கோடாக் தன் படச்சுருளில் பழுப்பு நிறங்களைத் திருத்தியதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கனடாவின் ஊடக ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். வெவ்வேறு தோல் நிறமுள்ள பெண்கள் சேர்ந்து இருக்கும் ஷெர்லி கார்டு 1990களில்தான் வந்தது. கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கான திருத்தத்தை 'ரியல் டோன்' என்ற பெயரில் கூகுள் தன் பிக்சல் 6 போனோடு அறிவித்த ஆண்டு 2021. கருவி அவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது. அந்த முகத்துக்கு உடையால் இடம் ஒதுக்கித் தருவதோ நம் கையிலேயே இருக்கிறது.

ஆகவே, "கறுப்பா இருக்கிறவங்க பளிச்சுனு போடக் கூடாது" என்று நம் வீடுகளிலும் ஜவுளிக் கடைகளிலும் புழங்கும் அறிவுரையை நான் முழுக்க மறுக்கிறேன். அந்த அறிவுரை சொல்பவர்கள் எடுத்துக் காட்டும் துணிகளைப் பாருங்கள்: பிஸ்கட் நிறம், வெளிர் ரோஸ், ஐஸ் நீலம், இளஞ்சாம்பல். இவை அத்தனையும் முகத்தைவிட அதிகமாக வெளிச்சத்தைத் திருப்புபவை. இவற்றுக்கு மேலே இருக்கும் கறுத்த முகம் இருப்பதைவிடக் கறுத்துத்தான் தெரியும். வாடாமல்லி, மயில்கழுத்து, அரக்கு, கத்தரிப்பூ, இலைப்பச்சை ஆகியவை கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும் வெளிச்சக் கணக்கில் நடுவிலோ அதற்குக் கீழோதான் நிற்கின்றன. அவற்றை உடுத்தினால் கேமரா முகத்துக்குரிய வெளிச்சத்தை முகத்துக்குக் கொடுக்கிறது, தோலின் செம்மை வெளியே வருகிறது. பக்கத்தில் இருப்பதை வைத்தே கண் ஒரு நிறத்தை எடைபோடும் என்பதை விரிவாக ஆராய்ந்து நிறுவியவர் சாயத் தொழிலில் இருந்த ஒருவர்தான். பாரீஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரெல், கறுப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குற்றமில்லை, அதை ஒட்டி நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கச் செய்கின்றன என்று கண்டார். 1839இல் அவர் வெளியிட்ட நூல், எந்தத் தோலுக்குப் பக்கத்தில் எந்தத் துணி பொருந்தும் என்பதையும் பேசுகிறது. நம் நெசவாளர்களும் சாயக்காரர்களும் இந்த மண்ணின் தோல்களைப் பார்த்துப் பார்த்தே நிறம் ஏற்றியவர்கள். அவர்கள் கொடுத்ததை ஒதுக்கிவிட்டு வெளிர் நிறத்துக்கு ஓட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

துணி வெளிச்சத்தைத் திருப்பும்போது தன் நிறத்தையும் சேர்த்தே திருப்புகிறது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கிளிப்பச்சைத் துப்பட்டா போட்ட பெண்ணின் தாடைக்கு அடியில் பச்சை படரும். வாடாமல்லி ரவிக்கை கழுத்தில் ஊதா பூசும். வெயில் உச்சிக்கு ஏறியபின் இது கூடுகிறது, ஏனென்றால் மேலிருந்து விழுந்த ஒளி தோளிலும் மார்பிலும் பட்டுத்தான் முகத்தின் கீழ்ப்பாதிக்கு வருகிறது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். கண்குழியில் நிழல் விழுந்து கண்ணே தெரியாமல் போகும் நேரம் அது. இந்த இடத்தில் வெள்ளைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். முகத்துக்குக் கீழே இருக்கும் வெள்ளை, நிறம் சேர்க்காத ஒளியைக் கண்குழிக்குள் அனுப்புகிறது. மடியில் கிடக்கும் அங்கவஸ்திரமோ, உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் வேட்டியோ அந்த வேலையைச் செய்யும். எனவே வெள்ளையை விலக்கச் சொல்வது என் நோக்கமில்லை. வெள்ளை எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. சலவைத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டிகள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழ்பவை. மர நிழலில் பளீர் வெள்ளைச் சட்டை நீலம் பாய்ந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். சில முறை துவைத்துப் பழுத்த வெள்ளையும் சந்தன நிறமும் அந்தத் தொல்லையைக் குறைக்கும்.

நிறம் பதிவாகாத காலத்து ஸ்டுடியோக்காரர்கள் இந்தக் கணக்கோடு தினமும் மல்லுக்கட்டியவர்கள். 1880 முதல் 1980 வரையிலான தமிழகத்து ஸ்டுடியோக் குடும்பப் படங்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு எண்மமாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் மிக நன்றாகத் தெரியும். அரக்குச் சிவப்புப் புடவை கறுப்பாகப் பதியும், வெளிர்நீலச் சட்டை வெள்ளையாகிவிடும், குங்குமம் கறுப்புப் பொட்டாகும், செம்மையும் பழுப்பும் கலந்த நம் தோல் உள்ளதைவிடக் கறுத்து விழும். ஆகவே துணியை நிறமாகப் பார்ப்பதில் பயன் இருக்கவில்லை. வெளிர், நடுத்தரம், அடர் என்று பிரித்தே பார்க்க முடிந்தது. ஸ்டுடியோவில் வாடிக்கையாளருக்கென்று ஒரு கோட்டு எப்போதும் தொங்கும். மரியாதையான தோற்றத்துக்காக அதை மாட்டிக்கொண்டார்கள் என்பது உண்மை. வெள்ளைச் சட்டையின் பெரும்பகுதியை மறைத்து முகத்தை மேலே கொண்டுவந்தது அந்தக் கோட்டின் இன்னொரு பயன். வண்ணப்படம் 1980களில் ஊர் ஊராகப் பரவியபோது வந்த மகிழ்ச்சியில் நிறம் எல்லோர் கண்ணையும் நிறைத்தது. வெளிரா அடரா என்று பார்க்கும் பழக்கம் பின்னுக்குப் போனது.

அந்தப் பழக்கம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது ஒரே நிற உடை. அப்பாவுக்குச் சட்டை, அம்மாவுக்குப் புடவை, பெண்ணுக்குப் பாவாடை, பையனுக்குக் குட்டிச் சட்டை என்று ஒரே துணியில் வெட்டித் தைத்த 'ஃபேமிலி காம்போ' இப்போது தீபாவளிக்குத் தீபாவளி ஜவுளிக் கடைகளில் அடுக்கியிருக்கிறது. குடும்பம் ஒன்று என்று காட்டத்தானே படம், ஒரே துணி அதைக் காட்டாதா என்று கேட்பார்கள். ஆசை நியாயமானது. ஆனால் படத்தில் நடப்பது வேறு. இருவர் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது ஒருவர் எங்கே முடிகிறார், இன்னொருவர் எங்கே தொடங்குகிறார் என்பதைக் கண்ணுக்குச் சொல்வது துணிகளுக்கு இடையே உள்ள வேறுபாடுதான். அம்மாவின் மடியில் உட்கார்ந்த குழந்தை அம்மாவின் துணியிலேயே இருந்தால், குழந்தையின் உடம்பு மறைந்து தலை மட்டும் தனியே நிற்கும். அணைப்பு தெரிய வேண்டுமானால் அணைக்கும் கை எது என்று தெரிய வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெவ்வேறு நூலில், வெவ்வேறு சாயத்தில் வாங்கிய 'ஒரே நிறம்' கடையின் எல்.இ.டி. விளக்கில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் பிரிந்துவிடும். புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் பெரியவர்களுக்கு இது தெரியும். முழுக்க வேறான இரண்டு நிறங்கள் பக்கத்தில் இருந்தால் உறுத்தாது. ஒன்றாக இருக்கப் பார்த்து நூலளவு தவறிய இரண்டு நிறங்கள்தான் உறுத்தும்.

ஒரு விலக்கை நான் ஏற்கிறேன். நாற்பது, ஐம்பது பேர் நிற்கும் அறுபதாம் கல்யாணப் படத்தில் ஒவ்வொரு முகமும் நகத்தளவுதான் வரும். அங்கே ஆளுக்கொரு நிறம் இரைச்சலாகிவிடும். மூத்த மகன் குடும்பம் ஒரு நிறம், இளைய மகள் குடும்பம் இன்னொரு நிறம் என்று கிளைக்கு ஒன்றாகப் பிரித்தால் பிற்காலத்தில் பார்ப்பவருக்கு யார் வீட்டுப் பிள்ளை யார் என்று புரியும். ஆனால் அங்கேயும் கிளைக்குள் ஒரே துணி வேண்டாம். ஒரே நிறத்தின் இரண்டு மூன்று ஷேடுகள் போதும்.

சரி, ஒரே நிறம் வேண்டாம் என்றால் எங்கே தொடங்குவது? வீட்டில் வயதில் மூத்தவரிடம் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. இளம் ஜோடி தமக்குப் பிடித்ததை முடிவுசெய்துவிட்டுக் கடைசியில் "பாட்டி, நீங்களும் இந்த கலர்ல ஏதாவது கட்டிக்குங்க" என்கிறார்கள். பாட்டியிடம் இருப்பது மெல்லிய பருத்திப் புடவைகளும் பழகிப்போன இரண்டு மூன்று பட்டுகளும். ஒன்பது கஜம் கட்டுபவர் என்றால் தேர்வு இன்னும் குறுகும். கனத்த புதுத் துணி அவர் தோளில் நிற்காது, தோலை அறுக்கும், அந்த அவஸ்தை முகத்தில் தெரியும். தாத்தா வெள்ளை வேட்டி சட்டையில்தான் வருவார். அதை மாற்றச் சொல்லவும் கூடாது, அது அவர் வாழ்ந்த விதம். மாற முடியாதவரை வைத்து மாற முடிந்தவர்கள் மாறுவதுதான் முறை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெரியவர் காலமான பிறகு கூடத்தில் மாட்டும் படம் பல வீடுகளில் இந்தக் குடும்பப் படத்திலிருந்துதான் வெட்டி எடுக்கப்படுகிறது. அந்த ஒரு முகம் பெரிதாக்கத் தாங்க வேண்டும். கண்ணில் வெளிச்சம் இருக்க வேண்டும், தோல் அவருடைய தோலாக இருக்க வேண்டும். ஆகவே எக்ஸ்போஷர் அவருக்காக வைக்கப்பட வேண்டும், மற்றவர்களின் உடை அதற்கு இடம்கொடுக்க வேண்டும்.

பாட்டியின் புடவை முடிவானதும் மற்றவர்களுக்கு வழி தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் நம் புடவையிலேயே பதில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்யும்போதே இரண்டையும் கோத்து இணைக்கிறார்கள். மாம்பழ உடலுக்கு அரக்குக் கரை, பாசிப்பச்சைக்கு வாடாமல்லிக் கரை என்று நெசவாளர் பொருத்திப் பார்த்துவிட்டார். குடும்பத்தில் மற்றவர்களுக்கு அந்த உடல் நிறத்தை எடுக்காமல் கரை நிறத்தை எடுத்து, அதன் வெளிர் ஷேடையும் அடர் ஷேடையும் பிரித்துக் கொடுத்தால் படம் ஒன்றுபட்டுவிடும், யாரும் யாரோடும் கலந்து மறைய மாட்டார்கள். மருமகளுக்குக் கரையைவிடக் கொஞ்சம் அடர்வாக, மகனுக்கு நடுத்தரமாக, பேத்திக்கு எல்லோரையும்விட வெளிர்வாக என்று போகலாம். மடியில் உட்காரும் பிள்ளைக்கு, யார் மடி என்று பார்த்துவிட்டு அந்தத் துணியிலிருந்து எட்டி நிற்கும் ஒன்று. ஆண்கள் இருவர் வெள்ளையில் வந்தால் அவர்களைச் சன்னலுக்கு அருகில் நிறுத்தாமல் வெளிச்சத்திலிருந்து தள்ளி நிறுத்துவது போட்டோகிராபரின் பொறுப்பு. முழுப் புடவையையும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதே பெரிது: ரவிக்கை, தோளில் விழும் முந்தானை, சட்டைக் கழுத்து, துண்டு. புடவையை மாற்ற மனமில்லாதவர் ரவிக்கையை மட்டும் மாற்றினாலும் முகம் தெளியும்.

இருவர் மட்டும் எடுக்கும் படத்தில் கணக்கு எளிது, இருவரும் ஒரே அடர்த்திக்கு அருகில் இருந்துகொண்டு நிறத்தில் வேறுபட்டால் போதும். வளைகாப்புப் படத்தில் ஒரு தனிச் சிக்கல் வருகிறது. சில வீடுகளில் மசக்கைக் கறுப்பு என்று கறுப்புப் புடவை கட்டும் வழக்கம் இருக்கிறது. கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் நேர் எதிரே இருந்து வரும் ஒளியில் வயிற்றின் வளைவே தெரியாது. பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும், ஜரிகைக் கரை வளைவின் மேல் ஓடுமாறு கொசுவம் அமைய வேண்டும். புடவையை மாற்றச் சொல்வதற்குப் பதில் விளக்கை மாற்றுவது அங்கே போட்டோகிராபர் காட்ட வேண்டிய மரியாதை.

இணையத்தில் பார்த்த வெளிநாட்டுக் குடும்பப் படங்களைக் காட்டி, "எல்லோரும் கிரீமும் பழுப்பும் போட்டு எவ்வளவு அமைதியா இருக்கு, அப்படி வேண்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் படங்களை நானும் ரசிக்கிறேன். அவை அழகாக இருப்பதற்குக் காரணம் அங்குள்ள தோல், அங்குள்ள சாய்ந்த வெயில், பின்னால் இருக்கும் இலையுதிர்கால மரங்கள். தோலைவிட ஒரு படி மட்டும் மாறுபட்ட துணி அங்கே மென்மையாகிறது. நம் மாநிறத்துக்கு மிக நெருங்கிய பழுப்பைப் போட்டால் கழுத்தும் சட்டையும் ஒன்றாகிப் படம் தட்டையாகிவிடும். இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாமல்லபுரத்துப் பாறைகள் சாம்பலும் பழுப்பும் கலந்தவை. அங்கே கிரீமும் பழுப்பும் பாறையோடு போய்விடும், அரக்கோ மயில்கழுத்தோ நிற்கும். புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் கடுகு மஞ்சள் சுவர்கள். அங்கே மாம்பழ மஞ்சளைத் தவிர்த்து நீலத்தையும் கத்தரிப்பூவையும் எடுக்கலாம். நாற்று நட்ட வயலுக்குப் பச்சை கட்டிக்கொண்டு போகிறவர்கள் வயலுக்குள் தொலைவார்கள். மாலை வெயிலில் எடுப்பதென்றால் ஒளியே மஞ்சளாக இருக்கும். சிவப்பும் மஞ்சளும் எழும்பும், இளநீலம் சாம்பலாகத் தணியும். நம் அட்சரேகையில் சூரியன் ஏறத்தாழ நேராகக் கீழே இறங்குவதால் அந்தப் பொன்வெயில் வெகுநேரம் தங்காது. இரண்டு மூன்று உடை மாற்ற நினைப்பவர்கள் மாற்றிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் போய்விடும்.

துணியின் வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது, அதாவது உலோகம். நேராக அடிக்கும் ஃப்ளாஷில் அது கண்ணாடியாகி வெள்ளைத் திட்டுகளாக எரியும். அகலக் கரைப் பட்டைப் படத்துக்குக் கட்டுவதென்றால் விரிந்த மென்வெளிச்சம் வேண்டும் என்று போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒவ்வொரு கோணத்தில் ஒவ்வொன்றாகத் தெரியும். தனியே அது பேரழகு, அதற்குப் பொருத்தமாகச் சட்டை தேடுவது வீண். மிக நுண்ணிய கோடுகளும் பொடிக் கட்டங்களும் போட்ட சட்டைகளை மட்டும் நான் தயங்காமல் விலக்கச் சொல்வேன். சென்சாரின் கட்டங்களோடு அவை மோதி அலையலையான பொய் வரிகளை எழுப்பும், அதை எடிட்டிங்கில் முழுதாக எடுக்க முடியாது. கண்டாங்கியின் பெரிய கட்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

"இவ்வளவு எதற்கு, இப்போதுதான் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே" என்பது வலுவான மறுப்பு. புடவையின் நிறத்தை மென்பொருளில் மாற்றலாம், உண்மை. ஆனால் அந்தப் புடவை தாடையில் பூசிய நிறம் அப்படியே இருக்கும். அதைத் தனியே துடைக்க ஒவ்வொரு முகத்துக்கும் நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி வேண்டும். எரிந்துபோன வேட்டியில் தகவலே பதிவாகவில்லை, இல்லாததை மீட்க முடியாது. போன்கள் பல எக்ஸ்போஷர்களை எடுத்து ஒன்றாக்கித் தருகின்றன; முகம் தெரிகிறது, ஆனால் வெளிச்சமும் நிழலும் சமமாக்கப்பட்டு மூக்கின் எடுப்பும் கன்னத்தின் வளைவும் தணிந்துபோகின்றன. இதைவிட நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: அவரவருக்குப் பிடித்ததை உடுத்தினால்தானே முகம் மலரும்? முழுக்க ஏற்கிறேன். அதனால்தான் நிறத்தை அவரவரிடம் விடச் சொல்கிறேன், புதுத் துணி வாங்காமலிருப்பதே மேல் என்றும் சொல்வேன். கஞ்சி விறைப்பு போகாத சட்டை, ஜரிகை குத்தும் பாவாடை, கழுத்தை இறுக்கும் பொத்தான், இவற்றோடு எந்தக் குழந்தையும் பத்து நிமிடத்துக்கு மேல் சிரிக்காது. புதிதாக வாங்கியே ஆக வேண்டுமென்றால் படத்துக்கு முன் ஒரு நாள் வீட்டில் உடுத்திப் பழகட்டும்.

படத்துக்கு நாள் குறித்ததும் முதலில் இடமும் நேரமும் என்ன என்று போட்டோகிராபரிடம் கேளுங்கள். பிறகு பெரியவரிடம் எந்த உடையில் இருக்க விருப்பம் என்று கேட்டு, அதைக் கட்டிலில் விரித்து, மற்றவர்களின் பீரோவில் இருப்பதை அதன் பக்கத்தில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது தனியே வெள்ளையாக எரிகிறது, எது கறுப்பில் மூழ்குகிறது, எந்த இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று அதில் தெரிந்துவிடும். அவற்றை மட்டும் மாற்றுங்கள். அந்தப் படத்தைப் போட்டோகிராபருக்கு முதல்நாளே அனுப்பிவிட்டு, எங்கள் தோலை வெளுக்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். ஜவுளிக் கடைக்குப் போக வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு முடிவுசெய்யலாம்.